நோரீன் திட்டாத நாள்

நோரீன் சாட்ச்வெல் ஒரே ஒரு நாள் யாரையும் திட்டாமல் இருந்தாள். அந்த நாளில்தான் அவள் படகு மூழ்கப் பார்த்தது. உள்ளே அவள் புருஷன் இருந்தான்.

எங்கள் கால்வாயில் அவளுக்கு ‘சார்ஜென்ட்’ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் வாடகைப் படகுக்காரர்கள். ஒரு வாரம் விடுமுறைக்கு வந்து, கையில் பீர் டப்பாவோடு சுக்கானைப் பிடித்து, மூன்று பேர் படகில் இடித்து, பாலத்தில் ஒரு முறை இடித்து, ஊருக்குப் போய் எல்லாம் பிரமாதம் என்று சொல்கிற கூட்டம். அவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது. பர்மிங்ஹாமில் நான் பஸ் ஓட்டிய காலத்தில் குறுக்கே பாய்கிற சைக்கிள்காரர்களை என்ன சொல்லித் திட்டினேனோ, அதே வார்த்தைகளை இவர்களுக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் நான் வாய்க்குள் திட்டுவேன். நோரீன் அடுத்த பாலம் வரை கேட்கிற மாதிரி திட்டுவாள்.

"ஏம்பா, அந்தக் காலை உள்ள இழு. படகுக்கும் சுவத்துக்கும் நடுவுல காலை விட்டு நிறுத்தலாம்னு பாக்குறியா? பதினெட்டு டன் இரும்பு அது. உன் காலு பிஸ்கட்டு."

அப்படித்தான் பேசுவாள். நன்றி சொன்னவர்கள் குறைவு. கால் முழுசாக ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

மோட்டார் விளக்குகள் செய்கிற தொழிற்சாலையில் அவளும் ராய்ஸ்டனும் வேலை பார்த்தவர்கள். தொழிற்சாலையை மூடியபோது வீட்டை விற்றுவிட்டு ‘மாரிகோல்ட்’ என்ற இந்த ஒல்லிப் படகை வாங்கிக் குடியேறினார்கள். வாங்கிய புதிதில் அவளுக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். அந்த நடுக்கத்தை அவள் விரட்டவில்லை. அதற்குச் சோறு போட்டு வீட்டோடு வைத்துக்கொண்டாள். புகைவாயுவுக்கு மணியடிக்கிற கருவியை வியாழன்தோறும் அமுக்கிப் பார்ப்பாள். குளிர் தாங்கவில்லை என்று காற்றுத் துளைகளில் துணி அடைத்து வைத்துக் காலையில் எழுந்திருக்காமலே போன ஒரு ஜோடியின் கதையை, அடுப்பு மூட்டுகிற ஒவ்வொருவருக்கும் சொல்வாள். காஸ் சிலிண்டர் பெட்டியின் அடியில் இருக்கிற ஓட்டையில் இலை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுக் குத்துவாள். கசிந்த காஸ் கனமானது, கீழே இறங்கும், அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் படகுக்குள் வந்து படுத்துக்கொள்ளும் என்பாள். இயந்திரத்தை நிறுத்திச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் படகைத் தள்ளுகிற விசிறியில் சிக்கிய களையை எடுக்கக் கையை விட மாட்டாள்.

என்னிடமும் அதே பாட்டுத்தான்.

"க்ளெண்டா, உன் படகு பின்பக்கம் தாழ்ந்து நிக்குது."

"நேத்துதானே பம்ப் போட்டேன்."

"நேத்து நீ சாப்பிட்டியே, இன்னைக்குப் பசிக்கலையா? போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். விசிறியின் சுழல்தண்டு வெளியே போகிற இடத்தில் கிரீஸ் காய்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

லாக் இறங்கும்போது அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் குன்றில் லாக்குகள் வரிசையாக இருக்கின்றன. லாக் என்றால் இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒடுக்கமான கல்தொட்டி, அவ்வளவுதான். படகை உள்ளே விட்டு மேல்கதவைச் சாத்திவிட்டு, கீழ்க்கதவில் இருக்கிற மதகுகளைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் அதோடு இறங்கும். ராய்ஸ்டன் சுக்கானில் நிற்பான், நோரீன் கரையில் மதகுச் சாவியோடு நிற்பாள். ‘ட’ மாதிரி வளைந்த இரும்புச் சாவி அது. ராய்ஸ்டன் முன்னும் பின்னும் பார்த்து, எல்லாம் சரி என்றால் கையை உயர்த்துவான். அந்தக் கை உயராமல் அவள் மதகைத் தொட்டதே கிடையாது. மழை கொட்டினாலும் சரி, பின்னால் நிற்கிற படகுகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தாலும் சரி.

பிறகு ராய்ஸ்டனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு வார்த்தை தவிர. அந்த வார்த்தை ‘எழவு’. டீ வேண்டும் என்றாலும் எழவு, வாத்து வந்தாலும் எழவு, நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாலும் எழவு. பாதிரியார் வந்தபோதும் அதுதான். நோரீன் சுக்கானுக்கு மாறினாள், கையை உயர்த்துவது அவள் வேலையானது. கரையில் மதகுச் சாவியோடு நான் போனேன்.

அப்போதுதான் கிளிஃபர்ட் ஆரம்பித்தான். ராய்ஸ்டனின் தம்பி. கவெண்ட்ரியில் படியேறத் தேவையில்லாத வீடு, காலியாக ஒரு அறை, பக்கத்திலேயே மருத்துவமனை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அண்ணன் மேல் பாசம் நிஜம்தான். ஆனால் போனில் பேசும்போதெல்லாம், "தண்ணி மேல ஒரு நோயாளியை வச்சுக்கிட்டு என்ன பண்றே நோரீன்?" என்று கேட்டுக் கேட்டு, அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டான். இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு நாள் அவன் வரட்டும், எங்களோடு லாக் வரிசையில் இறங்கட்டும், தன் கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகும் இது ஆபத்து என்றால், ராய்ஸ்டனை அவனோடு அனுப்பிவிட்டுப் படகை விற்றுவிடுவது.

"அனுப்பிட்டு நீ?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு ரூம்தான் காலியா இருக்கு. நான் பக்கத்துல எங்கயாவது பாத்துக்குவேன்."

சொல்லிவிட்டு அடுப்புக் கரியைக் கிளறப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் கிளிஃபர்ட் வந்தான். வெள்ளை நிறத்தில் புத்தம்புது ஷூ. கால்வாய்க் கரைச் சேற்றுக்கு அதைப் பார்த்ததும் குஷி வந்திருக்கும். எதிர்க்காற்று குன்றின் கீழிருந்து மேலே வீசிக்கொண்டிருந்தது. சாதாரணமாக அந்தக் காற்றில் நோரீன் கட்டை அவிழ்க்க மாட்டாள். அன்று அவிழ்த்தாள்.

எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. அவள் நல்ல நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். மதகுச் சாவியைச் செருகிக்கொள்ள இடுப்பில் எப்போதும் கட்டியிருக்கும் தோல் பெல்ட்டைக் காணவில்லை. ராய்ஸ்டனின் நாற்காலியை முன்பக்கத்துக்கு, கதவுக்கு ஒட்டினாற்போல நகர்த்தி, இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்திருந்தாள். அவன் வெளியே பார்க்கட்டும், தம்பி அவனைப் பார்க்கட்டும் என்று. லாக்குக்குள் முன்கதவைத் திறந்து வைத்திருந்ததற்காக இதே நோரீன் ஒரு டாக்டரை நடுக்கால்வாயில் நிறுத்தி வைத்துத் திட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

"நோரீன், கதவு."

"காத்தாட இருக்கட்டும் க்ளெண்டா." சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவளுடையதாக இல்லை.

முதல் சில லாக்குகள் ஒழுங்காகப் போயின. நான் ஒரு பக்கத்து மதகு, கிளிஃபர்ட் எதிர்ப்பக்கத்து மதகு. சாவி ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தாள். எப்படிச் சுற்ற வேண்டும் என்று மட்டும் காட்டினாள். மற்றதை எல்லாம் விட்டுவிட்டாள். யார் கையில் சாவி கொடுத்தாலும், முதலில் அவள் ஒப்பிக்கிற மந்திரம் ஒன்று உண்டு: கை உயர்ந்தால்தான் தொட வேண்டும், ஏற்றிய மதகைப் பிடித்து நிறுத்துகிற கொண்டி விழுந்ததா பார்க்க வேண்டும், சுற்றி முடித்த கையோடு சாவியைக் கழற்ற வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில் கூட வரும். கிளிஃபர்டுக்கு அதை அவள் சொல்லவே இல்லை. நோரீன் என்றால் எப்போதும் பதறுகிறவள் என்று அவன் நினைத்துவிடக் கூடாதாம். பதறாமல் இருப்பதைப் பார்த்தால் ஆபத்து இல்லை என்று அவனுக்குத் தோன்றுமாம். நானாவது சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கிளிஃபர்ட் உற்சாகமாக இருந்தான். "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? குழந்தை கூடப் பண்ணும்."

"பண்ணும் பண்ணும்," என்றேன். "குழந்தைங்க சொன்னா கேக்கும்."

ராய்ஸ்டன் உள்ளிருந்து "எழவு" என்றான். அது எனக்கான ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆழமான லாக். அங்கே ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். எல்லா லாக்கிலும் மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. கரையில் வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். பின்னால் நகர்ந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் படியில் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஆழமான லாக்கில் அப்படி ஒரு படகு தொங்கினால், முன்வாசல் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும். அதனால் இறங்கும்போது சுக்கானில் நிற்கிறவர்கள் இயந்திரத்தை லேசாக முன்னுக்கு ஓட விட்டு, படகின் மூக்கைக் கீழ்க்கதவில் ஒட்டியே வைத்திருப்பார்கள். சுக்கானை விட்டு அசைய மாட்டார்கள்.

நோரீன் கையை உயர்த்தினாள். நான் சுற்றினேன், கிளிஃபர்டும் சுற்றினான். தண்ணீர் வடிய ஆரம்பித்தது. நான் சாவியைக் கழற்றினேன். கிளிஃபர்ட் கழற்றவில்லை. மதகின் தண்டிலேயே சாவியை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று, போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கொண்டி வழுக்கினால் மதகு சரேலென்று இறங்கும், சாவி பம்பரமாகச் சுற்றும். அந்தச் சுற்றலில் தாடை உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார்.

நோரீன் பார்த்துவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே ஒரு குரல் விட்டிருப்பாள், கிளிஃபர்ட் துள்ளி விழுந்திருப்பான், கதை அங்கேயே முடிந்திருக்கும். அன்று அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. இயந்திரத்தின் கியரை விடுவித்தாள். படகு இன்னும் கரை மட்டத்துக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. கரைக்குத் தாவி ஏறி, அவனிடம் நடந்து போனாள். சத்தம் போடாமல் சாவியைக் கழற்றினாள்.

"இது இங்க இருக்கக்கூடாதுப்பா," என்றாள், பூவைக் கொடுக்கிற மாதிரி.

"சாரி சாரி. நோரீன், கேக்கணும்னே இருந்தேன். இப்படியே எத்தனை காலத்துக்கு ஓடிக்கிட்டு இருப்பே? உனக்கும் வயசாகுதில்ல?"

அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். மதகுகள் திறந்து கிடந்தன. கியர் இல்லாத படகை எதிர்க்காற்று மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போது சத்தம் கேட்டது. டங். டங். டங். டங். இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், படகின் உள்ளிருந்து, விடாமல்.

நான் திரும்பினேன். மாரிகோல்டின் பின்பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. முன்பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது. கூரை மேல் வைத்திருந்த பூந்தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தன. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. படகின் அடிவயிறு கல்லில் அரைபட்டு ஒரு முனகல் வந்தது. அந்த முனகலை நினைத்தால் இன்றைக்கும் பல் கூசுகிறது.

"மதகு," என்றாள் நோரீன்.

கத்தவில்லை. ஆனால் அது பழைய குரல். என் கை தானாகச் சாவியைத் தண்டில் மாட்டியது. பாரத்தைத் தூக்கி, கொண்டியை விலக்கி, சுற்றி இறக்கினேன். என் மதகு மூடிக்கொண்டது. எதிரே நோரீனும் சுற்றினாள். பாதியில் நின்றுவிட்டது. ஏதோ கட்டை மதகுக்கு அடியில் சிக்கியிருக்கிறது. தண்ணீர் தொடர்ந்து வடிந்துகொண்டிருந்தது, முன்பக்கம் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே டங் டங் சத்தம் நின்றுபோனது.

"ராய்!" கிளிஃபர்ட் போனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரையோரம் ஓடினான். "நான் குதிக்கிறேன். அவனைத் தூக்கிட்டு வரேன்."

"எடுத்த அடியை அங்கயே வை கிளிஃபர்ட்." அவள் நிமிரக்கூட இல்லை. "நீ குதிச்சா படகு பக்கவாட்டுல சாயும். அவனும் போவான், நீயும் போவே. கரையை விட்டு அசைஞ்சே, உன்னை நானே தள்ளி விட்டுடுவேன்."

அவன் நின்றான். அவள் சாவியை எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கினாள். மதகு மேலே ஏறியது. தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

"என்ன பண்றே? ஏத்துறே! மூடு, மூடு!"

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். மதகை நன்றாகத் தூக்கினால்தான் பாய்கிற தண்ணீர் அந்தக் கட்டையை அடித்துக்கொண்டு போகும். தெரிந்தும் என்னால் அதைச் செய்திருக்க முடியாது. புருஷன் கீழே மூழ்கிக்கொண்டிருக்கும்போது தண்ணீரை இன்னும் திறந்துவிடுகிற தைரியம் எனக்கு இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். கீழ்க்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்பு மரக்கட்டை துள்ளி மிதந்து போனது. அதே மூச்சில் கீழே சுற்றினாள். மதகு அடிவரை இறங்கி மூடியது.

தண்ணீர் வடிவது நின்றது. படகு சரிந்தபடியே தொங்கியது.

"க்ளெண்டா, மேல் மதகு. கொஞ்சமா. கொஞ்சமான்னா கொஞ்சம்."

"தெரியும்."

"ஓடாதே. விழுந்தே, உன்னையும் நான்தான் எடுக்கணும்."

ஓடாமல் நடந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் நடந்ததில்லை. மேல் மதகைக் கால்வாசி மட்டும் தூக்கினேன். அவசரப்பட்டு முழுசாகத் திறந்தால் வெள்ளம் சரிந்த படகைப் புரட்டிவிடும். தொட்டியில் தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியது. நோரீன் கீழ்க்கதவின் மேல் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டுப் படகின் முன்பக்கத்தைப் பார்த்தாள். நீலக் கோட்டெல்லாம் பாசி.

"ராய்ஸ்டன்," என்று கூப்பிட்டாள். "ராய்ஸ்டன்."

பதில் இல்லை.

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்று ஏதோ முணுமுணுத்தேன். கிளிஃபர்ட் வெள்ளை ஷூவோடு சேற்றில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான். முன்பக்கம் அங்குலம் அங்குலமாக ஏறியது. கடைசியில் பின்பக்கம் கல்லை விட்டு ஒரு உறுமலோடு விடுபட்டு, படகு ஒரு தரம் முன்னும் பின்னும் ஆடி, சமமாக நின்றது. நோரீன் பின்பக்கம் வந்து படகில் இறங்கினாள். அந்த நேரத்திலும் முதலில் வெளியிலேயே காஸை மூடினாள். பிறகுதான் உள்ளே போனாள். மேல் மதகை மூடிவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே தரையெல்லாம் தட்டும் கோப்பையுமாக இருந்தது. அடுப்பு வாயைச் சாத்தியிருந்ததால் நெருப்பு வெளியே விழவில்லை. முன்பக்கம் போனோம். காலையில் விரியத் திறந்து வைத்திருந்த இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கீழ்த் தாழ்ப்பாளும் போட்டிருந்தது. வாசற்படி இடுக்கில் ராய்ஸ்டனின் கம்பளியும் ஸ்வெட்டரும் சுருட்டித் திணித்திருந்தன. தரையில் கொஞ்சம்தான் ஈரம். கதவுக்கு முதுகை முட்டுக் கொடுத்து, இடது காலை நாற்காலியில் உதைத்துக்கொண்டு, ராய்ஸ்டன் கீழே உட்கார்ந்திருந்தான். மடியில் அடுப்புக் கரி கிளறும் கம்பி. சட்டை முழுக்க டீ.

அவளைப் பார்த்ததும் அவன் வாயின் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரித்தது. "எழவு," என்றான்.

நோரீன் தரையில் உட்கார்ந்து அவன் முகத்தைத் தன் கழுத்தில் அமுக்கிக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அவள் எழுந்து செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். சுக்கானை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், அது சரியாகத் திரும்பியது. இயந்திர அறைப் பலகையைத் தூக்கித் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துக் காத்திருந்தாள், ஏறவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கரைக்கு வந்து மேல்கதவின் நீண்ட கட்டையில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கிளிஃபர்ட் எதிரே நின்றான். அவளே சொன்னாள்.

"கூட்டிட்டுப் போ. நீ சொன்னது சரிதான். சுக்கானை விட்டு இறங்குனது நான். கதவைத் திறந்து வச்சதும் நான்."

"நோரீன்..." என்றேன்.

"நீ சும்மா இரு க்ளெண்டா. அவன் சொல்லட்டும்."

கிளிஃபர்ட் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அண்ணனுக்குச் சட்டை மாற்றுகிற சத்தம் கேட்டது. "வா ராய். கார் மேலதான் நிக்குது. இந்தக் கோட்டைப் போட்டுக்கோ," என்று அவன் சொல்வது கேட்டது. நோரீன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அழவில்லை. எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

முன்கதவின் தாழ்ப்பாள்கள் விலகின. ராய்ஸ்டன் வெளியே வந்தான். கோட்டு உள்ளேயே கிடந்தது. வலது தோளைக் கதவு நிலையில் முட்டுக் கொடுத்து, செத்த காலை இழுத்து வைத்து நின்றான். பின்னால் கிளிஃபர்ட் பிடிக்கக் கை நீட்டினான், ராய்ஸ்டன் தட்டிவிட்டான். கீழ்க்கதவைப் பார்த்தான். தலையைத் திருப்பிக் கூரைக்கு மேலாகப் பின்பக்கத்தையும் கரையிலிருந்த வெள்ளைக் கோட்டையும் பார்த்தான். பிறகு பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கையை, இடது கையை, மேலே உயர்த்தினான்.

நோரீன் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"யாரைக் கூப்பிடுறான்?" என்று கேட்டான் கிளிஃபர்ட்.

"கூப்பிடலை," என்றாள் அவள். "பின்னால சுக்கானுக்கு ஆள் வேணுங்குறான். அப்புறம் மதகைத் திறக்கச் சொல்றான்."

கிளிஃபர்ட் அண்ணனையும் தாழ்ப்பாள்களையும் அந்த ஈரக் கம்பளியையும் மாறி மாறிப் பார்த்தான். ராய்ஸ்டனின் கை இறங்கவில்லை. நடுங்கியது, இறங்கவில்லை.

"கை வலிக்குது அவனுக்கு," என்றான் கிளிஃபர்ட் கடைசியில். கரைக்கு ஏறி வந்து அவள் முன்னால் நின்றான். "சாவியைக் கொடு."

நோரீன் முகத்தைப் பாசி படிந்த கையாலேயே துடைத்தாள். சாவியை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை. "அந்தக் கையைப் பாத்தியா? அப்படி ஒரு கை உயராம மதகைத் தொட்டே, தொட்ட விரலை உடைப்பேன். பாதிதான் ஏத்தணும். கொண்டி விழுந்துச்சான்னு கண்ணால பாக்கணும், காதால கேக்கக்கூடாது. போனை எடுத்தே, அது கால்வாய்க்குள்ள போகும், பின்னாலயே நீயும் போவே. மண்டையில ஏறுச்சா?"

"ஏறிடுச்சு."

"சத்தமா."

"ஏறிடுச்சு நோரீன்."

அவள் ராய்ஸ்டனை உள்ளே உட்கார வைத்து முன்கதவைச் சாத்தச் சொன்னாள். அவன் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்ட பிறகு சுக்கானுக்குப் போனாள். கியரைப் போட்டாள், படகின் மூக்கு கீழ்க்கதவில் ஒட்டி நின்றது. கையை உயர்த்தினாள். கிளிஃபர்ட் பாதி மதகு தூக்கினான், குனிந்து கொண்டியைப் பார்த்தான். பிறகு சாவியைக் கழற்றித் தன் பெல்ட்டில் செருகிக்கொண்டான். இந்த முறை அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.